தொட்டவன் பலம் போகும் கதை

ஆத்தூரில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் ஒரு நோட்டு வாசிக்கப்பட்டது. கல்லூரியில் ரெண்டாம் வருஷம் படிக்கிற காலனிப் பொண்ணு எழுதியது. பேரு வேண்டாம்னு அந்தத் தங்கச்சியே கேட்டுக்கிட்டதால இங்கேயும் பேர் இல்லை. அந்த நோட்டை முன்வைத்துச் சில விஷயங்களைப் பேச வேண்டியிருக்கிறது. நம் எழுத்தாளர்கள் பலபேர் இதே இடத்தில் வந்து இடறப் போகிறார்கள் என்பதால்.

கதை இது. ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு உரிக்கிறவள் ஒருத்தி. பால் தெளிய வைக்கிற தொட்டிக்குள் மின்சாரம் தாக்கி விழுகிறாள். எழுந்து வரும்போது அவள் உடம்பில் ஒரு சக்தி வந்துவிடுகிறது: யார் அவளைத் தொட்டாலும் தொட்டவன் பலம் அவளுக்குப் போய்விடும். தொடமாட்டேன் என்று இத்தனை காலம் ஒதுங்கியவனெல்லாம் இப்போது நிஜமாகவே பயந்து ஒதுங்குகிறான். (இந்த இடத்தில் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு.) வில்லன் ஆலை முதலாளியின் மகன். காலனிக்கு ராத்திரியில் தீ வைத்தவன். அவனுக்கும் ஒரு சக்தி உண்டு. அவன் வாயால் எது சொன்னாலும் ஊர் நம்பும். ‘குடிசைக்காரனே தன் குடிசைக்குத் தீ வைத்துக்கொண்டான்’ என்றான், ஊர் நம்பியது. அவன் சொல்லை நம்பாத ஒரே ஆள் அவள். தொட்டால் பலம் போகும் என்று தெரிந்தே அவளைத் தொட வருகிற ஒரே ஆள் அவன். இதில் காதல் பிறக்கிறது. பிறக்கத்தான் செய்யும், கதை அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

கடைசி அத்தியாயத்தில் அவள் அதே தொட்டியில் இறங்கித் தன் சக்தியைக் கழுவி விடுகிறாள், இனி அவன் பயமில்லாமல் தொடலாம். அவன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து ‘இவள் நம்மவள், நம் சாதியில் பிறந்து சின்ன வயசில் தொலைந்து போனவள்’ என்கிறான். ஊர் நம்புகிறது. கல்யாணம்.

வாசித்து முடித்ததும் ரெண்டு தோழர்கள் எழுந்தார்கள். ஒருவர், “என்னம்மா இது, மாயாஜாலம்? உங்க அம்மா படற பாட்டை எழுதலாமே, அதுதான் தலித் இலக்கியம்” என்றார். இன்னொருவர், “குடிசையைக் கொளுத்துனவன் மேல காதலா? இது காட்டிக்கொடுக்கிற வேலை” என்றார். ரெண்டு பேரும் இயக்கத்தில் அடிபட்டு வந்தவர்கள், ரெண்டு பேர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. ரெண்டு பேர் சொன்னதும் தப்பு என்றே நினைக்கிறேன். கதையில் கோளாறு இருக்கிறது. ஆனால் அவர்கள் காட்டிய இடத்தில் இல்லை.

முதல் ஆட்சேபணையை எடுத்துக்கொள்வோம். நாம் என்றால் சாட்சியம் சொல்ல வேண்டும், அழுத கதையை அழுதபடி சொல்ல வேண்டும், கற்பனை மற்றவர்களுக்கு. இந்த வேலைப் பிரிவினை யார் போட்டது? 1992ல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது அது தேவைப்பட்டது, இன்றும் தேவை. அதற்காக நம் பிள்ளைகள் எல்லாரும் தன்வரலாறு மட்டும்தான் எழுத வேண்டும் என்பது புது மாதிரியான சேரி. கொஞ்சம் யோசித்தால் சூப்பர் ஹீரோ நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கும் இல்லை. நம் வீட்டுச் சாமிகள் யார்? வெட்டுப்பட்டவன், கழுவேறியவன், செத்த பிறகு பலம் பெற்றவன். குதிரையும் அரிவாளும் மீசையுமாக ஊர் எல்லையில் நின்று ராக்காவல் பார்க்கிறவன். 1972ல் முத்து காமிக்ஸ் மூலம் தமிழில் இறங்கிய இரும்புக்கை மாயாவிக்கு முன்னாலேயே நம்ம கிழவிகள் இந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லப்போனால் அந்த மாயாவியே இங்கிலாந்துப் படக்கதையில் முதலில் திருடனாக, வில்லனாகத் தொடங்கி, பிறகு நாயகனாக ஆக்கப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். நம்ம தங்கச்சியின் தொட்டி மின்சாரத்துக்கு அவன் ஒருவகையில் தாய்மாமன்.

இரண்டாவது ஆட்சேபணை கனமானது. எதிரியைக் காதலிக்கலாமா? கதையில் யாரும் யாரையும் காதலிக்கலாம். எழுதுகிறவளிடம் நாம் கேட்க வேண்டியது வேறு: அந்தக் காதல் கூடுவதற்காக யார் எதை இழக்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் ஏற்கனவே இருக்கிற கதைகளைப் பார்ப்போம்.

சேலம், நாமக்கல் பக்கம் அருந்ததியர் தெருவில் மதுரை வீரனைக் கும்பிடாத இடம் குறைவு. நான் சின்னப் பையனாக இருந்தபோது விடிய விடியக் கூத்தில் பார்த்திருக்கிறேன். மாறுகால் மாறுகை வாங்குகிற கட்டத்துக்கு நடுச்சாமம் தாண்டிவிடும். தூங்கிக்கொண்டிருக்கும் எங்களை அப்போதுதான் உசுப்பி விடுவார்கள். வேஷக்காரர் விழும்போது பெண்கள் நிஜமாகவே ‘அய்யோ சாமி’ என்பார்கள். அந்தக் கதையை இன்றைக்கு யோசித்தால் ஒன்று தெரிகிறது. ஒரே ஆள் மூன்று தடவை வேஷம் மாற்றப்படுகிறான். பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனபோது அவள் தகப்பன் பொம்மண நாயக்கனுக்கு அவன் வில்லன். கள்ளர்களை அடக்க ஆள் தேவைப்பட்டபோது மதுரை நாயக்கனுக்கு அவன் வீரன். அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளோடு பேசினான் என்றதும் அதே நாயக்கனுக்கு மறுபடி திருடன். அவன் செய்தது ஒன்றும் மாறவில்லை. வாளும் அதேதான், காதலும் அதேதான். பேர் வைக்கிற அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதுதான் ஒவ்வொரு தடவையும் அவன் வீரனா வில்லனா என்பதைத் தீர்மானித்தது.

ஆக, நம் பக்கத்திலிருந்து பார்த்தால் ‘வீரனும் வில்லனும் காதலிப்பது’ என்பது ஏதோ புதுமை இல்லை. ஊர்ப் பெண்ணும் சேரிப் பையனும் பார்த்துக்கொண்டாலே ஊர்க் கண்ணுக்கு அது வில்லன் சம்பந்தப்பட்ட காதல்தான்.

இந்தக் கதை அச்சேறியபோதும், 1956ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமானபோதும் அவனுக்கு ஒரு பிறப்பு இருந்தது. அவன் காசிராஜன் மகனாம். சோதிடன் சொல்லைக் கேட்டுக் காட்டில் போடப்பட்டவனாம். சின்னானும் அவன் பெண்சாதியும் எடுத்து வளர்த்தார்களாம், அவ்வளவுதான் நம் பங்கு. வளர்த்த கூலி. பொம்மி ஓடிப்போனது அப்போ ஒரு ராஜகுமாரனோடு! நாயக்கன் மானம் தப்பியது. படம் பார்க்கிறவன் மானமும் தப்பியது. காதல் கூடுவதற்காக இங்கே இழந்தது யார்? வீரன். கை காலை இழந்தது ஒருபக்கம் இருக்கட்டும், அதோடு பெற்ற தாயையும் சேர்த்து இழந்தான். உண்மையில் இழந்தது சக்கிலியத் தெரு. தன் பிள்ளையை ராஜாவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, அந்த ராஜா பிள்ளையைச் சாமியென்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறது.

நோட்டின் கடைசி அத்தியாயத்தில் ‘இவள் நம்மவள், தொலைந்து போனவள்’ என்று வில்லன் சொல்கிறானே, அது இந்தக் காசிராஜன் வசனம்தான். இருபது வயசுப் பொண்ணு தெரிந்து எழுதவில்லை. தெரியாமல் கையில் வந்து உட்காரும் அளவுக்கு அது நம் எல்லாருக்குள்ளும் ஊறியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை தெற்கே இருக்கிறது. முத்துப்பட்டன் கதை. நா. வானமாமலை 1971ல் பதிப்பித்தார். பட்டன் பிராமணன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசைப்படுகிறான். பகடை அவனை ஏற இறங்கப் பார்க்கிறான். மேல்சாதிக்காரன் பொண்ணு கேட்டு வந்துவிட்டான் என்று பூரித்துப் போகவில்லை. குடுமியை அறுத்துட்டு வா, பூணூலைக் கழட்டிட்டு வா, தோல் வேலை கத்துக்கிட்டு வா என்கிறான். பட்டன் போய்க் குடுமியை அறுக்கிறான், நூலை அறுக்கிறான், செருப்புத் தைத்துக் கொண்டுவந்து மாமனார் முன் வைக்கிறான். அப்புறம்தான் கல்யாணம். பின்னால் மாமனாரின் மாடுகளைக் காக்கப்போய்த் திருடர்களோடு சண்டையிட்டுச் சாகிறான்.

எதிர்ப்பக்கத்து ஆளோடு காதல் என்பதை இதைவிடச் சரியாக எழுதிய ஒரு பிரதி தமிழில் எனக்குத் தெரியாது. மனம் மாறினேன் என்று பட்டன் வசனம் பேசவில்லை. அவன் மனசு பகடைக்குத் தேவையும் இல்லை. அவன் கேட்டது கைவேலை. ஊசி பிடிக்கத் தெரியாத கையில் ஊசி ஏறின கதை அது. ஆனால் இதையும் விட்டுவைக்கவில்லையே! அந்தப் பெண்கள் இருவரும் பிறப்பால் பிராமணப் பிள்ளைகள், பகடை காட்டில் எடுத்து வளர்த்தான் என்று பிற்காலத்தில் சேர்த்த பாடம் உண்டு. மதுரை வீரனுக்குச் செய்ததையே இங்கே பெண்களுக்குச் செய்தார்கள். காட்டில் கண்டெடுத்த குழந்தை வந்துவிட்டால் தோழர்களே, அங்கே ஒரு சாதிக் கலப்பை அழித்திருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது கதை சேலத்திலேயே படமாகத் தயாரிக்கப்பட்டது. ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1950ல் எடுத்த ‘மந்திரி குமாரி’. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம், மு. கருணாநிதி வசனம். மந்திரி மகள் அமுதவல்லி, ராஜகுருவின் மகன் பார்த்திபனைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறாள். அவன் ராத்திரியில் முகமூடிக் கொள்ளைக்காரன். கடைசியில் மலை உச்சிக்குக் கூட்டிப்போய் அவளைத் தள்ளப் பார்க்கிறான். அவள் அவனைச் சுற்றி வந்து கும்பிட வேண்டும் என்று கேட்டு, பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். எம்.ஜி.ஆர். இருந்தும் அந்தப் படம் இன்றும் அந்த மலை உச்சிக்காகத்தான் நினைவிருக்கிறது.

இதன் மூலம் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று, பௌத்த நூல், இன்றைக்குக் கிடைப்பது சில பாட்டுகள் மட்டுமே. கதை பாலி மொழியில் தேரிகாதையின் உரையிலும் இருக்கிறது. ராஜகிருகத்துச் செல்வந்தர் மகள் பத்தா, கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்படும் கொள்ளைக்காரன் சத்துகனைச் சன்னல் வழியாகப் பார்த்து, அவன் கிடைத்தால்தான் உயிர் என்று படுத்துவிடுகிறாள். தகப்பன் காவலனுக்குக் காசு கொடுத்து அவனை மீட்டு வந்து மாப்பிள்ளையாக்குகிறான். சத்துகன் யார் மகன்? அரச புரோகிதனின் மகன். பழைய கதையிலும் புரோகிதர் வீட்டுப் பிள்ளை, சேலத்துப் படத்திலும் ராஜகுரு வீட்டுப் பிள்ளை.

கொள்ளை ஒரு கலை என்று அந்தப் படத்தில் பார்த்திபன் வாதாடுவது கைதட்டல் வாங்கிய இடம். அதே வசனத்தைச் சேரியில் பிறந்தவன் பேசியிருந்தால் கொட்டகை என்ன செய்திருக்கும்? படம் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால்தான், 1947ல், சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது. அதுவரை பிறந்த சாதிக்காகவே திருடன் என்று பதிந்து, போலீஸ் கண்காணிப்பில் வைத்தார்கள். இன்றும் சீர்மரபினர் பட்டியலில் சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நம் ஊர்ப் பேரைத் தாங்கியே சாதிகள் இருக்கின்றன. புரோகிதன் மகன் திருடினால் அது காதலிக்கத் தகுந்த குறும்பு. குறவன் பிறந்தாலே அது குற்றம். வில்லன் அழகாக இருப்பதற்கும் ஒரு சாதி வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் படக்கதையிலும் இதன் சாயல் உண்டு. 1940ல் பேட்மேன் முதல் இதழிலேயே பூனைக்காரி என்கிற திருடி வருகிறாள். மாளிகைக்காரனான நாயகன் அவளைத் தப்பவிடுகிறான். தப்பவிடுகிற இடத்தில் அவன் இருக்கிறான் பாருங்கள், அதுதான் விஷயம்.

ஆனாலும் குண்டலகேசிக் கதையை நான் விடமாட்டேன். அது எதிரிக்கு அழகைக் கொடுக்கிறது, அவளுக்கு ஆசையைக் கொடுக்கிறது, ரெண்டையும் மறைக்கவில்லை. ஆசைக்காக அவள் வெட்கப்படவும் இல்லை. அதே சமயம் கணக்கை விடவில்லை. காதலித்த கையாலேயே தள்ளுகிறாள். பிறகு வீட்டுக்குத் திரும்பி அழுதுகொண்டு உட்காரவில்லை. நாவல் கிளையை மண்ணில் நட்டுவிட்டு, யார் வேண்டுமானாலும் வாதுக்கு வரலாம் என்று ஊர் ஊராகப் போகிறாள். சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத்துக்கு வருகிறாள். நம்ம ஆத்தூருக்குக் கிழக்கே தலைவாசல் பக்கம் தியாகனூரில் புத்தர் சிலை இருக்கிறது. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்டதே, அது புத்தர் சிலைதான் என்று 2022ல் உயர் நீதிமன்றம் சொன்னது. இந்த மண்ணுக்குப் பௌத்தக் கதை அந்நியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். முனியப்பனாக இருந்து புத்தரானவர் இருக்கும் ஊரில் ஒரு கொள்ளைக்காரன் பெண்டாட்டி பிக்குணியாவதில் என்ன ஆச்சரியம்.

இனி, கதை அல்லாத ஒன்று. நம் பிள்ளைகள் இந்த மாதிரிக் காதல் எழுதும்போதெல்லாம் பின்னால் நிற்பது இதுதான், தவிர்க்க முடியாது.

2015 ஜூன் 23. ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் படித்தவர், தன்னோடு படித்த பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அவர் தலித், அந்தப் பெண் கொங்கு வேளாளர். பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீஸ்வரர் கோயில் அது. அங்கிருந்து கடத்தப்பட்டவரின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் கிடந்தது. கொல்வதற்கு முன் தற்கொலை செய்துகொள்வதாக அவரை எழுத வைத்தார்கள், காணொளியில் பேச வைத்தார்கள். இலக்கிய விமர்சனத்தில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவருக்கு வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘குடிசைக்காரனே தீ வைத்துக்கொண்டான்’ என்பது நோட்டில் கற்பனை. ‘அவனே செத்துக்கொண்டான்’ என்பது நாமக்கல் மாவட்டத்தில் நடந்தது.

முதல் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை விட்டார். அந்தக் குரலைக் கேட்டுப் பரப்பியவர்கள் எத்தனை ஆயிரம். 2015 அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது கூட்டம் திரண்டு நின்றது, நட்சத்திரத்தைப் பார்க்க நிற்கிற மாதிரி. சொன்னால் ஊர் நம்பும் குரல், முகம் காட்டாத நாயகன்! சூப்பர் ஹீரோ கதையை அவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள் தோழர்களே, நாம்தான் எழுதலாமா கூடாதா என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சாட்சியாக நின்றது. 2023ல் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. சட்டப்படி வில்லன் யார் என்பது முடிவாகிவிட்டது. கதைப்படி முடிவாகவில்லை. அந்தக் குரல் பதிவுகளை இன்னும் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு தீ வைத்தவனுக்கு அழகான கண்ணும், தனிமையும், அம்மா இல்லாத பால்யமும் எழுதுவது அபாயம் என்று தோழர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நானும் பயந்தேன். ஆனால் நோட்டைத் திரும்ப வீட்டில் வைத்துப் படித்தபோது அதன் நடுப்பகுதியில் ஒரு காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. அவன் முதல் தடவை அவள் கையைத் தொடுகிறான். பலம் போகிறது. உட்கார்ந்துவிடுகிறான். தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை. அவள் செம்பை எடுத்துக் கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ‘எங்கம்மாவுக்கு அஞ்சு மணிக்கு மேல கை இப்படித்தான் இருக்கும்’ என்கிறாள். அவ்வளவுதான் அந்தக் காட்சி. இதுக்கு மேல என்ன தலித் இலக்கியம் வேணும்? தொடுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலையைத் தொடுகிறவன் கட்ட வேண்டும் என்று ஒரு விதியை அந்தப் பொண்ணு கண்டுபிடித்திருக்கிறது. பகடை கண்டுபிடித்த விதிக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

அப்படிப்பட்ட விதியைக் கண்டுபிடித்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் அதைத் தொட்டியில் கழுவி ஊற்றிவிட்டதுதான் என் வருத்தம். அவள் ஏன் சக்தியை விட வேண்டும்? அவன் ஏன் குரலை விடவில்லை? ஊரே நம்பும் அந்த வாயை அவன் ஒரே ஒரு தடவை ‘தீ வைத்தது நான்’ என்று சொல்லப் பயன்படுத்தியிருந்தால் கதை எங்கே போயிருக்கும்! ஊர் அதையும் நம்பித்தானே ஆக வேண்டும், அதுதானே அவன் சக்தி. அந்த வாக்கியத்துக்காக நோட்டு முழுக்க நான் காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதில் அவள் பிறப்பை மாற்றும் வாக்கியம் வருகிறது. பிறப்பை மாற்றிக் கொடுப்பவனைப் பெருந்தன்மையானவன் என்று நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கூட்டத்தில் கொஞ்சமும் பிறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தபோது மிச்சமும் சொன்னேன். தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தது. கோபமா என்று கேட்டேன்.

“கோவம்லாம் இல்லீங்கண்ணா. கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாருக்கும் புடிக்கும்னு நெனச்சுட்டேன்.”

“உங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனியா?”

“காட்டுனேன். கெழங்கு உரிச்சுட்டு வந்து கையில எண்ணெ தடவிட்டிருந்தாங்க, அப்ப படிச்சேன். முடியற வரைக்கும் ஒண்ணும் சொல்லல. அப்பறமா, ‘ஏம்புள்ள, அவ தொட்டியில எறங்குனா சரி, அந்தப் பையன் ஒருக்காவாச்சும் தொட்டியில எறங்குனானா’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“இல்லேன்னேன். அப்ப எறக்குன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாங்க.”

போன வாரம் நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். கடைசி அத்தியாயத்துத் தாள்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடத்தில் அவன் ஆலை வாசலில் செருப்பைக் கழட்டி வைப்பது வரைக்கும் புதுசாக எழுதியிருக்கிறது. அதற்கு மேல் காலிப் பக்கம்.